கடலில் பிறந்து விரலேறிய பாலிசி

அமெரிக்காவில் ஒருவர் தான் மணக்கப்போகும் பெண்ணுக்கு வைர மோதிரம் வாங்கி, அதை இன்சூர் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் வரும் பாலிசியில் எதற்கெல்லாம் பணம் கிடையாது என்று ஒரு பட்டியல் இருக்கும். போரில் அழிந்தால் கிடையாது. அணுக்கதிர் விபத்தில் போனால் கிடையாது. நாள்பட்டுத் தேய்ந்தால் கிடையாது. அப்புறம் இன்னொன்று: பூச்சி அரித்தாலோ எலி கடித்தாலோ கிடையாது.

வைரத்தை எந்த எலி கடிக்கும்? பிளாட்டினத்தை எந்தப் பூச்சி அரிக்கும்?

அந்த வரி மோதிரத்துக்காக எழுதப்பட்டதே அல்ல. கப்பலின் அடித்தட்டில் மூட்டை மூட்டையாக அடுக்கிய தானியத்துக்கும் துணிக்கும் தோலுக்கும் எழுதப்பட்டது. பிரிட்டனின் 1906ஆம் ஆண்டுக் கடல் காப்பீட்டுச் சட்டத்தின் 55ஆம் பிரிவைப் புரட்டினால் அதே எலி அங்கே இருக்கிறது. சரக்கு தானாகக் கெடுவதற்கும், வழக்கமான தேய்மானத்துக்கும், எலியும் புழுபூச்சியும் செய்யும் சேதத்துக்கும் காப்பீடு கொடுத்தவர் பொறுப்பல்ல என்கிறது அந்தப் பிரிவு. கப்பலில் ஏறிய எலி துறைமுகத்தில் இறங்கி, ரயிலேறி, நகைக்கடை வழியாக மணப்பெண்ணின் மோதிரம் வரைக்கும் வந்துவிட்டது.

மோதிரத்தை இன்சூர் செய்யும் வழக்கத்தைக் காதலோ நகைக்கடையோ பெற்றெடுக்கவில்லை. அதன் தாய்வீடு கடல். இது வெறும் வம்ச விவரம் என்று ஒதுக்கிவிட முடியாது. மோதிரம் தொலைந்து நிற்பவருக்குப் பணம் வருமா வராதா என்பதை இன்றைக்கும் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்தக் கடல் விதிகள்தான்.

*நிற்கும் பொருளும் நகரும் பொருளும்*

காப்பீட்டில் இரண்டு பழைய குடும்பங்கள் உண்டு. ஒன்று தீயிலிருந்து வந்தது. 1666இல் லண்டன் மாநகரம் நான்கு நாள் எரிந்து ஏறக்குறைய 13,000 வீடுகள் சாம்பலாயின. அதன்பின் 1680களின் தொடக்கத்தில் நிக்கோலஸ் பார்பன் என்ற கட்டட வியாபாரி வீடுகளுக்குத் தீக் காப்பீடு விற்கத் தொடங்கினார். அவர் போன்றவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: பொருள் எங்கே இருக்கிறது? செங்கல் வீடா, மர வீடா, பக்கத்தில் யார் அடுப்பு மூட்டுகிறார்கள்?

இன்னொரு குடும்பம் இதற்கு மூத்தது. கடலோடிகளுடையது. அங்கே கேள்வியே வேறு: பொருள் எங்கிருந்து புறப்பட்டு எங்கே போகிறது, யார் கையில் போகிறது? எட்வர்ட் லாயிட் என்பவர் லண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரையை ஒட்டிய டவர் தெருவில் நடத்திய காபிக் கடை 1688 வாக்கில் கப்பல்காரர்கள் கூடும் இடமாக இருந்தது. 1691இல் கடை லம்பார்ட் தெருவுக்கு மாறியது. கப்பல் திரும்பி வராவிட்டால் இழப்பில் இவ்வளவு பங்கை நான் ஏற்கிறேன் என்று பணக்காரர்கள் அங்கே ஒரு தாளில் ஒருவர் கீழ் ஒருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் காபிக் கடைதான் பின்னாளில் லாயிட்ஸ் என்ற பெரும் காப்பீட்டுச் சந்தையாக வளர்ந்தது.

1779இல் லாயிட்ஸ் தன் பாலிசி வாசகத்தை நிலைப்படுத்தியது. அதிலுள்ள ஆபத்துகளின் வரிசையைப் படித்தால் ஒரு கடல் பயணமே கண்முன் ஓடும்: கடலின் சீற்றம், போர்க்கப்பல், தீ, பகைவர், கடற்கொள்ளையர், திருடர், கப்பலைக் காப்பாற்றச் சரக்கைக் கடலில் எறிதல், அரசர்களும் இளவரசர்களும் பிடித்துவைத்தல். ஏறக்குறைய 200 ஆண்டுகள், 1980களின் தொடக்கம் வரைக்கும், இந்த வாசகம் பெரிய மாற்றமில்லாமல் புழக்கத்தில் இருந்தது.

வைரத்துக்கும் இந்தக் கடல் வழிக்கும் உள்ள உறவு நம் கரையில்தான் வலுப்பட்டது. பிரேசிலில் 1720களில் வைரம் கிடைக்கும்வரை ஐரோப்பாவுக்குப் போன வைரங்களில் மிகப் பெரும் பகுதி இந்தியாவிலிருந்து, அதிலும் கோல்கொண்டா வட்டாரச் சுரங்கங்களிலிருந்து போனது. ஆங்கிலேயருக்கு அதன் வாசல் சென்னைப்பட்டினம். லண்டனின் யூத வணிகர்கள் மத்தியதரைக்கடல் பவளத்தை இங்கே அனுப்பி, பதிலுக்கு வைரம் வாங்கினார்கள். சென்னை பவழக்காரத் தெருவின் பெயர் அந்த வியாபாரத்தின் மிச்சம்.

1702இல் சென்னையின் ஆளுநர் தாமஸ் பிட், ஜாம்சந்த் என்ற வியாபாரியிடம் 410 காரட் எடையுள்ள பட்டை தீட்டாத வைரம் ஒன்றை 48,000 வராகனுக்கு வாங்கினார். அதே ஆண்டு தன் மகன் ராபர்ட்டிடம் கொடுத்துக் கப்பலேற்றினார். கல் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா, பட்டை தீட்டுகிறவன் சொதப்பிவிட்டானா, யார் வாங்குவார்கள் என்ற கவலையிலேயே அவருக்கு ஆண்டுகள் ஓடின. கடைசியில் 1717இல்தான் பிரெஞ்சு அரசின் பதில் ஆட்சியாளர் (ரீஜென்ட்) அதை வாங்கினார். இப்போது அது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்குகிற கல், ஒரு கப்பல் சரக்கின் விலை. தீக் காப்பீட்டுக்காரரால் அதைக் கணக்குப் போடவே முடியாது, ஏனென்றால் அது ஓரிடத்தில் இருப்பதில்லை. கடல் காப்பீட்டுக்காரருக்கோ அது பழகிய கணக்கு: புறப்படும் இடம், போய்ச் சேரும் இடம், நடுவில் உள்ள ஆபத்து.

ஆனால் கடல் பாலிசியிலும் ஓர் ஓட்டை இருந்தது. அதில் திருடர் என்று எழுதியிருந்தாலும் எல்லாத் திருடரும் அதில் அடக்கமில்லை. வெளிப்படையாக, பலத்தைக் காட்டிப் பறித்தவரே பாலிசிப்படி திருடர். கமுக்கமாக எடுத்தவரும், கப்பல் ஊழியரும், சகபயணியும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள் என்று 1906ஆம் ஆண்டுச் சட்டத்தின் இணைப்பு தெளிவாகவே சொல்கிறது. பலத்தைக் காட்டிய திருட்டையும் மற்ற இழப்புகளையும் பிரிக்கும் இந்தக் கோட்டை அழிக்கத்தான் அடுத்த நூறாண்டுப் போராட்டமெல்லாம்.

*காது கேளாதவர் சொன்ன ‘ஏன் கூடாது?’*

1880களின் லண்டன். தொழிற்சாலையும் வங்கியும் சேர்த்துக் கொடுத்த பணத்தில் நடுத்தர வர்க்கம் புறநகர்களில் தனி வீடு கட்டிக் குடியேறிக்கொண்டிருந்தது. வீட்டில் வெள்ளிப் பாத்திரம், பீரோவில் நகை, மனதில் திருடன் பயம். பகலில் பிடில் வாசிக்கும் கனவானாகவும் இரவில் வீடு புகும் திருடனாகவும் வாழ்ந்த சார்லஸ் பீஸ் என்பவன் 1879இல் கொலைக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டான். அவன் கதை தெருத்தெருவாக விற்ற காலம். வீட்டுக்குத் தீ இன்சூரன்ஸ் இருந்தது. கன்னம் வைத்துப் போகிறவனுக்கு எதிராக ஒன்றும் இல்லை.

லாயிட்ஸில் அப்போது கத்பர்ட் ஹீத் என்ற இளைஞர் காப்பீட்டுப் பொறுப்பேற்பவராக உட்கார்ந்திருந்தார். 1859இல் பிறந்தவர். தந்தை கடற்படை அட்மிரல். மகனும் கடற்படைக்குப் போயிருக்க வேண்டியவர்தான், ஆனால் காது சரியாகக் கேட்காது. கடலுக்குப் போக முடியாதவர் கடல் காப்பீட்டுச் சந்தைக்கு வந்தார்.

அங்கே ஒரு தரகர் தீக் காப்பீட்டு வேலையாக வந்தபோது, திருட்டையும் இதிலேயே சேர்த்துவிட முடியுமா என்று பாதி வேடிக்கையாகக் கேட்டாராம். ஹீத், ‘ஏன் கூடாது?’ என்றாராம். லாயிட்ஸில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை இது. வார்த்தைக்கு வார்த்தை அப்படியே நடந்ததோ என்னவோ, அந்தப் பத்தாண்டுக்குள் வீடு புகுந்து திருடுவதற்கு எதிரான பாலிசியை ஹீத் எழுதத் தொடங்கிவிட்டார் என்பது வரலாறு.

ஒரு கதவு திறந்தால் அடுத்த கதவு தானாகத் தட்டப்படும். வீட்டில் திருடு போனால் தருகிறீர்கள், சரி. நகையைப் போட்டுக்கொண்டு நாடகம் பார்க்கப் போன இடத்தில் திருகு கழன்று விழுந்தால்? ரயிலில் கைப்பை போனால்? எப்படிப் போனது என்றே தெரியாமல் போனால்? தீக் காப்பீட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர் யாராக இருந்தாலும் இந்தக் கேள்விக்குக் கைகூப்பி விடைபெற்றிருப்பார். ஹீத் வளர்ந்தது கடல் காப்பீட்டுப் பள்ளியில். பொருள் பயணத்தில் இருக்கும், எங்கே எப்படிப் போயிற்று என்று எல்லா நேரமும் சொல்ல முடியாது, அதற்கும் ஒரு விலை போடலாம் என்பது அங்கே பாலபாடம். இப்படித்தான் நகைகளுக்கு ‘ஆல் ரிஸ்க்ஸ்’ பாலிசி பிறந்தது. திருட்டும் அதில் அடங்கும், தொலைதலும் அடங்கும், தற்செயலாக உடைவதும் அடங்கும்.

வைர வியாபாரிகளுக்கு அவர் இன்னொன்று செய்தார். லண்டனின் ஹேட்டன் கார்டன் தெருவில் வைரக்காரர்கள் கல்லைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடப்பார்கள். வாங்குவதற்கு முன் பார்க்கட்டும் என்று நம்பிக்கையின் பேரில் இன்னொருவர் கையில் கொடுத்தும் அனுப்புவார்கள். ஒரே கல் காலையில் கடையில், மதியம் தரகர் பையில், மாலை தபாலில். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனி பாலிசி எடுத்து மாளுமா? எல்லாவற்றையும் ஒரே தாளில் அடக்கிய ‘ஜுவல்லர்ஸ் பிளாக்’ பாலிசியை ஹீத் உருவாக்கினார். சென்னை தியாகராய நகர் நகைக்கடைகளுக்கு இன்று நம் காப்பீட்டு நிறுவனங்கள் விற்பதும் அதே பெயருள்ள, அதே குடும்பத்துப் பாலிசிதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. லாயிட்ஸுக்குச் சட்ட உருவம் கொடுத்த 1871ஆம் ஆண்டுச் சட்டம் கடல் காப்பீட்டை மட்டுமே அதன் வேலையாகச் சொன்னது. எல்லா வகைக் காப்பீட்டையும் சேர்த்துக்கொண்ட சட்டம் 1911இல்தான் வந்தது. ஆக, காதோலையும் மோதிரமும் லாயிட்ஸுக்குள் நுழைந்தபோது சட்டப்படி அந்த வீட்டில் கப்பலுக்கு மட்டுமே இடம்.

*மோதிரத்துக்கு விலை வந்த விதம்*

நிச்சயத்துக்கு மோதிரம் போடுவது மேற்கில் பழைய வழக்கம். ரோமானியர்களிடம் அது இரும்பு மோதிரமாக இருந்ததை மூத்த பிளினி எழுதியிருக்கிறார். 1477இல் ஆஸ்திரியாவின் மேக்சிமிலியன், பர்கண்டியின் மேரிக்குக் கொடுத்த வைர மோதிரத்தை எல்லாரும் முதல் உதாரணமாகக் காட்டுவார்கள். இரும்பு தொலைந்தால் யாரும் இன்சூரன்ஸ் தேடப்போவதில்லை. மேக்சிமிலியன் போன்றவர்களுக்கு இன்சூரன்ஸ் தேவையில்லை. சம்பளக்காரன் பல மாதச் சேமிப்பை ஒரு கல்லில் போட்டால்தான் இந்தக் கதைக்கு ஆள் கிடைக்கும்.

அந்த ஆள் தென்னாப்பிரிக்காவால் கிடைத்தான். 1860களின் இறுதியில் அங்கே வைரம் கண்டெடுக்கப்பட்டு, கிம்பர்லி சுரங்கங்கள் திறந்து, கல் மலைமலையாக வந்தது. 1888இல் டி பீர்ஸ் நிறுவனம் உருவாகி உற்பத்தியைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. 1886இல் நியூயார்க்கின் டிஃபனி நகைக்கடை ஆறு கொக்கிகள் ஒற்றை வைரத்தை வளையத்துக்கு மேலே தூக்கிப் பிடிக்கும் மோதிரத்தை அறிமுகம் செய்தது. கல்லுக்குள் எல்லாப் பக்கமும் வெளிச்சம் நுழைந்து ஜொலித்தது. கூடவே, உயரத்தில் நிற்கும் கல் கம்பளியில் மாட்டும், கதவில் இடிக்கும், கொக்கி மெல்ல விலகும். எந்த வடிவம் வைரத்தை அழகாகக் காட்டியதோ அதுவே கல் உதிர்ந்து காணாமற்போகும் வழியையும் கொஞ்சம் அகலமாக்கியது.

அமெரிக்காவில் 1930களில் இன்னொரு திருப்பம். அதுவரை திருமணம் செய்வதாக வாக்குக் கொடுத்துவிட்டு ஆண் பின்வாங்கினால் பெண் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். 1935இல் இண்டியானா மாநிலம் அந்த வழக்குகளை ஒழித்தது, பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. மார்கரெட் பிரினிக் என்ற சட்ட அறிஞர் 1990இல் எழுதிய கட்டுரையில் இதையும் வைர மோதிரத்தையும் முடிச்சுப் போட்டார். நீதிமன்றம் கொடுத்த பாதுகாப்பு போனதும், அந்த இடத்தை விலையுயர்ந்த மோதிரம் பிடித்துக்கொண்டது என்பது அவர் வாதம். சொல் தவறினால் கையில் இருப்பாவது மிஞ்சும். டி பீர்ஸுக்காக அயர் விளம்பர நிறுவனம் வேலையில் இறங்கியது 1938இல். வைரத்துக்கான தேவை அதற்கு முன்பே, 1935 வாக்கிலேயே ஏறத் தொடங்கிவிட்டதை அவர் சுட்டிக்காட்டினார். வைரம் என்றென்றைக்கும் என்ற புகழ்பெற்ற விளம்பர வாசகத்தை பிரான்சிஸ் ஜெரட்டி எழுதியது 1947இல்.

பிரினிக்கின் வாதத்தை முழுக்க ஏற்காவிட்டாலும் ஒன்று மறுக்க முடியாதது. மோதிரம் ஒரு அடையாளமாக இருந்த நிலை போய், ஒரு வைப்புத்தொகையாகவும் ஆகிவிட்டது. வைப்புத்தொகை விரலில் இருக்கிறது. பாத்திரம் கழுவுகிறது, நீச்சலுக்குப் போகிறது, ஊர் ஊராகச் சுற்றுகிறது. அதை யார் பாதுகாப்பது?

*மிதக்கும் பாலிசி*

அமெரிக்கச் சட்டம் அந்தக் காலத்தில் காப்பீட்டு நிறுவனங்களை ஆளுக்கொரு வேலிக்குள் அடைத்து வைத்திருந்தது. தீ நிறுவனம் தீயை மட்டும் பார்க்கலாம். விபத்து, திருட்டு நிறுவனம் அதை மட்டும். கடல் நிறுவனத்துக்கு ஒரு சலுகை இருந்தது: பயணத்தில் உள்ள பொருளுக்கு எந்த ஆபத்து வந்தாலும் ஒரே பாலிசியில் காக்கலாம். கப்பலிலிருந்து இறங்கிய சரக்கு ரயிலேறினால் ரயிலுக்கும், தபாலில் போனால் தபாலுக்கும் அந்தப் பாலிசி கூடவே போனது. இப்படிக் கரையேறிய கடல் காப்பீட்டுக்கு ‘இன்லேண்ட் மரைன்’ என்று பெயர். தண்ணீரே இல்லாத கடல்.

ஒரு பெண் மோதிரத்தை அணிந்து வீட்டைவிட்டு வெளியே போனால் அது பயணத்தில் உள்ள பொருள் அல்லவா என்றார்கள் கடல் நிறுவனத்தார். அப்படியே நகைக்கும் கம்பளி மேலங்கிக்கும் பாலிசி விற்றார்கள். அந்தப் பாலிசிக்கு ‘ஃப்ளோட்டர்’ என்று பெயர். பொருள் எங்கே போனாலும் காப்பீடு அதோடு மிதந்து போகும். தீ நிறுவனத்தாரும் விபத்து நிறுவனத்தாரும் சும்மா இருப்பார்களா? எங்கள் வயலில் மேய்கிறார்கள் என்று புகார் கிளம்பியது. பஞ்சாயத்து 1933இல் முடிந்தது. மாநிலக் காப்பீட்டு ஆணையர்கள் கூடி, எதெல்லாம் கடல் காப்பீடு என்று நாடு முழுவதுக்கும் ஒரு வரையறை வகுத்தார்கள். அந்தப் பட்டியலில் ஏற்றுமதி சரக்கு இருந்தது. போக்குவரத்துக்கு உதவுவதால் பாலமும் சுரங்கப்பாதையும் இருந்தன. அவற்றோடு தனிநபரின் நகையும் இருந்தது.

அன்று போட்ட வகை இன்றும் மாறவில்லை. பின்னாளில் வேலிகள் நீங்கி ஒரே நிறுவனம் எல்லாவற்றையும் விற்கலாம் என்று சட்டம் மாறியது. 1950இல் பிலடெல்ஃபியாவில் வீட்டுக்கான கூட்டுப் பாலிசி பிறந்தது. ஆனாலும் அமெரிக்கக் காப்பீட்டுக் கணக்கில் நிச்சய மோதிரம் பெரும்பாலும் இன்லேண்ட் மரைன் என்ற தலைப்பின் கீழ்தான் உட்காருகிறது. வீட்டுப் பாலிசியில் நகைக்கு இடம் உண்டு, ஆனால் குறுகிய இடம். பொதுவாகப் புழங்கும் படிவத்தில் நகை திருடு போனால் கிடைக்கும் உச்சத் தொகை பல ஆண்டுகளாக 1,500 டாலர். தானாகத் தொலைந்தால் அதுவும் இல்லை. அதற்கு மேல் வேண்டுமானால் மோதிரத்தைத் தனியாகப் பட்டியலிட்டு, மதிப்பில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற கணக்கில் பிரீமியம் கட்ட வேண்டும்.

நகைக்காரர்களும் தங்களுக்குள் கைகோத்தார்கள். 1913இல் விஸ்கான்சின் மாநில நகை வியாபாரிகள் சேர்ந்து தங்கள் கடைகளுக்காகத் தொடங்கிய ஜுவல்லர்ஸ் மியூச்சுவல் என்ற நிறுவனம், பின்னாளில் வாடிக்கையாளரின் மோதிரத்துக்கும் பாலிசி விற்கும் பெரிய பெயராக வளர்ந்தது.

*காணோம் என்றால் போதுமா?*

பாலிசி பிறந்துவிட்டது. தகராறும் உடனே பிறந்தது. குளியலறையில் கழற்றி வைத்த மோதிரம் திரும்பி வந்து பார்த்தால் இல்லை. வேலைக்கு வந்தவர் எடுத்தாரா, தண்ணீர்க் குழாய்க்குள் போனதா? திருட்டுப் பாலிசி வைத்திருப்பவர் திருட்டை நிரூபிக்க வேண்டும். திருடனை நேரில் பார்த்திருந்தால் மோதிரமே போயிருக்காதே!

இந்தச் சிக்கலை அவிழ்க்க 1940களில் அமெரிக்கத் திருட்டுப் பாலிசிகளில் ஒரு வாசகம் நுழைந்தது. பொருள் மர்மமான முறையில் காணாமற்போனால் அது திருட்டு என்றே கொள்ளப்படும். மர்மம் என்றால் என்ன என்று கேட்டு அடுத்த சுற்று வழக்குகள் வந்தன. 1946இல் வடக்கு கரோலைனா உச்ச நீதிமன்றம் வரையறை சொல்லிப் பார்த்தது: விளங்காத, திகைக்க வைக்கிற சூழ்நிலையில் போயிருக்க வேண்டும். எங்கோ வைத்து மறந்ததற்கெல்லாம் மர்மம் என்று பேர் வைத்து ஆட்கள் வரிசையில் நிற்க, நிறுவனங்கள் அந்தச் சலுகையைப் பிறகு இறுக்கிக்கொண்டன. மோதிரத்துக்கென்று தனியாக எழுதும் ஆல் ரிஸ்க்ஸ் பாலிசியில்தான் இந்தத் தலைவலி குறைவு. அங்கே திருட்டா தொலைந்ததா என்று பிரித்துக் காட்ட வேண்டியதில்லை.

அதற்காக ஆல் ரிஸ்க்ஸ் என்றால் எல்லாமே என்று பொருளில்லை. இதைச் சொன்ன தீர்ப்பும் ஒரு சரக்கு வழக்குதான். தென்னமெரிக்காவின் தென்கோடியிலுள்ள புன்டா அரேனஸ் துறைமுகம் வழியாக இங்கிலாந்துக்கு வந்த கம்பளி வழியில் நனைந்துவிட்டது. 1921இல், பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் அப்போது இருந்த பிரபுக்கள் சபை விசாரித்தது. எப்படி நனைந்தது என்று மிகச் சரியாகக் காட்ட வேண்டியதில்லை, ஏதோ தற்செயலான காரணத்தால் நேர்ந்தது என்று காட்டினால் போதும் என்று சரக்குக்காரருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அதே தீர்ப்பு எல்லையையும் போட்டது: காப்பீடு நடக்கக்கூடியதற்கு, நடந்தே தீரப்போவதற்கு அல்ல. மோதிரக் கொக்கி பத்து ஆண்டில் தேய்வது நடந்தே தீரும், அது சொந்தச் செலவு. கதவில் இடித்துக் கொக்கி வளைந்து கல் விழுவது தற்செயல், அதற்குப் பணம் உண்டு. ஆண்டுக்கொருமுறை கடையில் காட்டிக் கொக்கியைச் சரிபாருங்கள் என்று காப்பீட்டுக்காரர் நச்சரிப்பதன் வேர் இந்த ஈரக் கம்பளியில் இருக்கிறது.

*என்ன மதிப்பு, யாருடைய மோதிரம்?*

கப்பல் மூழ்கிய பிறகு அதிலிருந்த சரக்கு என்ன பெறும் என்று சண்டை போட்டால் முடிவே வராது. அதனால் புறப்படும் முன்பே இரு தரப்பும் ஒரு மதிப்பை ஒப்புக்கொண்டு பாலிசியில் எழுதிவிடுவது கடல் வழக்கம். 1906ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி எழுதிய மதிப்பை, மோசடி இல்லாதவரை, முடிவானது என்கிறது. சில மோதிரப் பாலிசிகளும் இப்படி ஒப்புக்கொண்ட மதிப்பில் வருகின்றன. பலவற்றில் நிறுவனம் பணம் தருவதற்குப் பதில் அதே தரத்தில் இன்னொரு மோதிரம் வாங்கித் தரும் உரிமையை வைத்துக்கொள்ளும்.

அதே தரம் என்று எதை வைத்துச் சொல்வது? ஒரு நகைக்காரர் நல்ல வெள்ளை என்பதை இன்னொருவர் லேசான மஞ்சள் என்பார். 1931இல் ராபர்ட் ஷிப்லி அமெரிக்காவில் தொடங்கிய ஜி.ஐ.ஏ. என்ற ரத்தினவியல் நிறுவனம் இதற்கு அளவுகோல் கொடுத்தது. எடை, நிறம், தூய்மை, வெட்டு என்ற நான்கையும் கொண்டு 1953இல் தரப்படுத்தும் முறையை வகுத்து, 1955இல் சான்றிதழ் தரத் தொடங்கியது. வாங்குகிறவருக்கு அது நம்பிக்கைப் பத்திரம். காப்பீட்டுக்காரருக்கோ, கண்ணால் பார்க்காத, இனி பார்க்கவும் முடியாத கல்லை அப்படியே திரும்ப வாங்குவதற்கான செய்முறைக் குறிப்பு.

மோதிரம் யாருடையது என்பது அடுத்த சிக்கல். 18ஆம் நூற்றாண்டு லண்டனில் தமக்குச் சம்பந்தமில்லாத கப்பல் மூழ்குமா மிதக்குமா என்று பாலிசி எடுத்துச் சூதாடினார்கள். அதைத் தடுக்க வந்தது 1745ஆம் ஆண்டுச் சட்டம். பொருள் போனால் நஷ்டப்படுகிறவர் மட்டுமே அதை இன்சூர் செய்யலாம் என்ற கொள்கை அங்கிருந்து வேர் பிடித்தது. நிச்சய மோதிரத்தில் இது நுட்பமான இடம். வாங்கியவர் ஒருவர், அணிந்திருப்பவர் இன்னொருவர், கல்யாணம் இன்னும் ஆகவில்லை. பல அமெரிக்க நீதிமன்றங்கள் அதை நிபந்தனையோடு கொடுத்த பரிசாகவே பார்க்கின்றன, திருமணம் நடந்தால்தான் அது முழுதாக அவளுடையது. 2024இல் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம், நிச்சயம் முறிந்தால் தவறு யாருடையது என்று பார்க்காமல் மோதிரம் கொடுத்தவருக்கே திரும்ப வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதனால் மோதிரம் யாரிடம் இருக்கிறது, யார் பெயரில் பாலிசி என்பதை முதல் நாளே சொல்லிவிடச் சொல்கிறார்கள். கல்யாணமானதும் பாலிசியில் பெயர் மாற்றிக்கொள்வதும் அங்கே ஒரு சடங்கு.

தொலைந்தது என்று பணம் வாங்கிய பிறகு சோபாவுக்கு அடியில் மோதிரம் கிடைத்தால்? மூழ்கிய கப்பலுக்கு முழுப் பணமும் கொடுத்தவர் அதன் மிச்சத்தை எடுத்துக்கொள்ளலாம் என்பது கடல் விதி. மோதிரமும் அப்படியே. நிறுவனத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். மோதிரம் வேண்டுமானால் பணத்தைத் திருப்ப வேண்டும், பணம் வேண்டுமானால் மோதிரம் நிறுவனத்துடையது. இரண்டையும் வைத்துக்கொண்டால் அதற்குப் பெயர் மோசடி.

*லாக்கரில் கிடப்பதும் கழுத்தில் கிடப்பதும்*

நம் ஊரில் நகைப் பாதுகாப்பு என்றதும் நினைவுக்கு வருவது வங்கி லாக்கர். நிற்கும் பொருளைக் காக்கும் அறிவு அது. அந்தக் காப்புக்கும் எல்லை உண்டு. ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2022 ஜனவரி முதல், தீயோ திருட்டோ கொள்ளையோ கட்டட இடிபாடோ ஊழியர் மோசடியோ நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல நூறு மடங்கு. வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம், உள்ளே 50 பவுன் இருந்தாலும் அவ்வளவுதான். வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றங்களில் அதுவும் கிடையாது. லாக்கரில் உள்ள பொருளுக்கு இன்சூரன்ஸ் விற்கவும் வங்கிக்கு அனுமதியில்லை.

திருட்டுப் பாலிசியிலும் அந்தப் பழைய கோடு இங்கே உயிரோடு இருக்கிறது. பலவந்தமாகப் புகுந்ததற்கான அடையாளம் வேண்டும் என்று பாலிசியில் எழுதியிருந்தால், அது இல்லாத திருட்டுக்கு நிறுவனம் பணம் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2004இல் சொன்னது. கதவு உடையாமல் போன நகைக்காக அலைகிறவர்கள் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

ஆனால் நம் வீடுகளிலும் நகரும் நகை உண்டு. தாலிச் சங்கிலியும் காதுக் கம்மலும் தினமும் தெருவில் நடக்கின்றன. நிச்சயதார்த்தத்தில் மோதிரம் மாற்றிக்கொள்வதும் பரவிவிட்டது, வைர மோதிரம் அலுவலகம் போய்வருகிறது. இவற்றுக்கு வீட்டுக்குள் நடக்கும் திருட்டை மட்டும் பார்க்கும் பாலிசி போதாது. பொதுக் காப்பீட்டு நிறுவனங்களின் வீட்டுப் பாலிசிகளில் நகைக்கென்று தனிப் பகுதியாகவே ஆல் ரிஸ்க்ஸ் கிடைக்கிறது. நகை வாங்கும்போது சில கடைகள் ஓராண்டு காப்பீட்டை இலவசமாகவும் சேர்த்துத் தருகின்றன.

அப்படித் தரும் தாளை பில்லோடு மடித்து வைப்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். வீட்டுக்கு வெளியே, வெளியூரில், வெளிநாட்டில் நடந்தால் செல்லுமா? திருட்டு என்று நிரூபிக்க முடியாமல் வெறுமனே தொலைந்தால் செல்லுமா? கிளைம் வரும்போது எந்த மதிப்பு, வாங்கிய நாளின் விலையா, இன்றைய விலையா, ஒப்புக்கொண்ட தொகையா? பில்லும், கல்லின் சான்றிதழும், நகையின் புகைப்படமும் நகையோடு ஒரே பெட்டியில் இல்லாமல் வேறிடத்தில் இருக்க வேண்டும். போன அன்றே காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்து அதன் நகலை வாங்க வேண்டும்.

அந்த மூன்று கேள்விகளும் கடல் வணிகர் சரக்கை ஏற்றுமுன் கேட்டவையே: எதுவரை செல்லும், எந்த ஆபத்து வரை பொறுப்பு, என்ன மதிப்பு. இவற்றுக்கு விற்பவர் வாயால் சொல்லும் ஆமாம் போதாது. பதில் பாலிசியில் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிரீமியம் கட்டுவது நல்லது.